தாலியத்தின் மேல் படியும் கருமை

புதிதாக வெட்டிய தாலியம் வெள்ளியைப் போல வெளுத்து மின்னும். அந்த மினுக்கத்துக்கு ஆயுள் குறைவு. காற்று பட்டதும் மங்கத் தொடங்கி, நீலம் கலந்த சாம்பல் நிறத்துக்கு வந்து, பார்வைக்குப் பழைய ஈயக்கட்டியைப் போல ஆகிவிடும். அப்படியே திறந்து வைத்திருந்தால் அதன் மேல் கனமான, கருத்த பொருக்கு ஏறும். பாடநூல்கள் ‘காற்றில் மங்கும் மென்மையான உலோகம்’ என்று ஒரே வரியில் இதைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன. என்னைக் கேட்டால், தாலியத்தைப் புரிந்துகொள்ள விரும்புபவர் அந்த வரியை விட்டு அவ்வளவு சீக்கிரம் நகரக் கூடாது. அதன் நஞ்சும், அதைப் பாதுகாக்கும் முறையும், அதைக் கண்டுபிடித்தவர்களுக்குள் மூண்ட சச்சரவும்கூட அந்த மங்கிய படலத்தோடு பின்னிக் கிடக்கின்றன.

தனிம வரிசை அட்டவணையில் தாலியத்தின் எண் 81. ஒரு பக்கம் 80ஆவதாகப் பாதரசம், மறுபக்கம் 82ஆவதாக ஈயம். மூன்றும் கனமானவை, மூன்றும் நஞ்சு. ஒரு கன சென்டிமீட்டர் தாலியத்தின் எடை 11.85 கிராம்; அதே அளவு ஈயம் 11.34 கிராம். கையில் தூக்கிப் பார்த்துப் பிரித்தறிய முடியாத வித்தியாசம். (தாலியத்தைக் கையில் தூக்கவே கூடாது என்பது வேறு விஷயம்.) ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், தாலியம் 304 டிகிரியில். இரண்டையும் கத்தியால் வெட்டலாம். இரண்டையும் தாளில் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடு விழும். இப்படி எல்லாவற்றிலும் ஈயத்தின் உடன்பிறப்பாகத் தோன்றும் இந்த உலோகம், மேற்பரப்பில் நடக்கும் ஒரு வேதிவினையில் மட்டும் முற்றிலும் வேறு பாதையில் போகிறது.

மினுக்கமும் மங்கலும்

முதலில் அடிப்படை. உலோகக் கட்டிக்குள் ஒவ்வோர் அணுவும் தன் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் பொதுவில் விட்டுவிடுகிறது. எந்த அணுவுக்கும் சொந்தமில்லாத அந்த எலக்ட்ரான்கள் கட்டி முழுவதும் தங்குதடையின்றித் திரிகின்றன. வெளியிலிருந்து ஒளி விழும்போது அவை அதனுடன் சேர்ந்து அதிர்ந்து, பெரும்பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. உலோகத்தின் பளபளப்பு என்பது இதுதான்.

ஆக்சிஜன் எலக்ட்ரான்களைப் பறிக்கும் தனிமம். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு அதுவே. உலோகத்தின் மேலடுக்கில் இருக்கும் அணுவிடமிருந்து ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும்போது, அணு நேர்மின் அயனியாகவும் ஆக்சிஜன் எதிர்மின் அயனியாகவும் மாறி இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. அதுவே ஆக்சைடு. எலக்ட்ரான் இழப்பைத்தான் வேதியியலாளர்கள் ஆக்சிஜனேற்றம் என்கிறார்கள். வாங்கிக்கொள்வது ஆக்சிஜனாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. வெள்ளி கருத்துப்போவதற்குக் காரணம் காற்றில் சிறிதளவே இருக்கும் கந்தகச் சேர்மங்கள். ஆனாலும் அதுவும் ஆக்சிஜனேற்றம்தான்.

ஆக்சைடில் எலக்ட்ரான்கள் கட்டுண்டு கிடக்கின்றன. திரிய முடியாத எலக்ட்ரான்களால் ஒளியை முன்போலத் திருப்பி அனுப்ப முடியாது. எனவே மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலம் உருவானதும் மினுக்கம் போய், அந்தப் படலத்துக்கு உரிய நிறம் தலைகாட்டுகிறது. அடியில் உலோகம் அப்படியே மின்னிக்கொண்டுதான் இருக்கும், நமக்குத்தான் தெரியாது.

படலம் உருவான பிறகு என்ன நடக்கும் என்பது உலோகத்துக்கு உலோகம் மாறும். அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலம் உடனே உருவாகிறது. இடைவெளியில்லாமல் இறுகப் பிடித்துக்கொள்ளும் அந்தப் படலம் ஆக்சிஜனை உள்ளே விடாது. நிறமும் இல்லாததால் அலுமினியம் மங்கியதுகூடத் தெரிவதில்லை. இரும்பின் துரு நேர் எதிர். அது உதிரும், நுண்துளைகள் கொண்டது, நீரையும் காற்றையும் தாராளமாக உள்ளே விடும். இரும்பு அடிவரை அரிக்கப்பட்டு முடியும். செம்பின் பச்சைக் களிம்பு இந்த இரண்டுக்கும் நடுவில், மெதுவாகப் படிந்து ஓரளவு காக்கும்.

ஈயத்துக்கு வருவோம். புதிதாக வெட்டிய ஈயமும் நீலச்சாயல் கொண்ட வெண்மையோடு மின்னும். விரைவில் அதன் மேல் ஆக்சைடும், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சேர்ந்ததும் கார்பனேட்டும் படிந்து சாம்பல் நிறமாகிறது. இந்தப் படலம் உலோகத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. ரோமானியர் காலத்து ஈயக் குழாய்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் முழுசாகக் கிடப்பதற்கு இந்தப் பிடிவாதமான படலம் ஒரு முக்கியக் காரணம்.

ஈயம் நஞ்சு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனாலும் அதன் நஞ்சு தண்ணீரில் இறங்குவதை இந்தப் படலம் பெருமளவு தடுத்துக்கொண்டிருக்கிறது. படலம் போனால் என்ன ஆகும் என்பதை 2014இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃபிளின்ட் நகரம் காட்டியது. நகரின் குடிநீர் ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கப்படத் தொடங்கியபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட் அதில் சேர்க்கப்படவில்லை. ஈயக் குழாய்களுக்குள் பல ஆண்டுகளாகப் படிந்திருந்த காப்புப் படலம் கரைந்து உடைந்தது. ஈயம் நேராகக் குடிநீருக்குள் வந்தது. குழாய் பழைய குழாய்தான். அதன் உள்மேற்பரப்பு மட்டுமே மாறியிருந்தது.

ஆகவே ஒரு நச்சு உலோகத்தின் மேல் படிந்த படலத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதன் நிறம் பற்றியதல்ல. அது தண்ணீரில் கரையுமா என்பதே. தாலியத்தின் விஷயத்தில் விடை: கரையும், அதுவும் நன்றாக.

தாலியத்தின் படலம் எப்படிப்பட்டது

தாலியத்தின் வெளிக்கூட்டில் மூன்று எலக்ட்ரான்கள் இருக்கின்றன. அட்டவணையில் அதே நிரலில் மேலே இருக்கும் அலுமினியத்துக்கும் மூன்றுதான். அலுமினியம் மூன்றையும் இழந்து மூன்று நேர்மின்சுமை கொண்ட அயனியாகிறது. தாலியமும் அப்படியே செய்யும் என்று எதிர்பார்ப்போம். அது பெரும்பாலும் ஒன்றை மட்டுமே விடுகிறது. 81 புரோட்டான்கள் கொண்ட கனமான அணுக்கருவின் இழுப்பில் மற்ற இரண்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழ மறுக்கின்றன. வேதியியலில் இதற்கு மந்த இணை விளைவு என்று பெயர். அட்டவணையின் அடிப்பகுதியில் உள்ள கனமான தனிமங்கள் பலவற்றில் இது தலைகாட்டும். ஈயம் நான்குக்குப் பதிலாக இரண்டு எலக்ட்ரான்களோடு நின்றுவிடுவதும் இதனால்தான்.

ஒரே ஒரு எலக்ட்ரானை இழந்த தாலியம் அயனியை ‘தாலஸ்’ என்றும், மூன்றையும் இழந்ததை ‘தாலிக்’ என்றும் அழைப்பது பழைய வழக்கம். படிக்க எளிது என்பதால் இங்கே அதையே பின்பற்றுகிறேன். தாலஸ் ஆக்சைடு கருப்பு. தாலிக் ஆக்சைடு கரும்பழுப்பு. உலர்ந்த காற்றில் வைத்த தாலியத்தின் மேல் உருவாகும் கருத்த பொருக்கில் இந்த ஆக்சைடுகளே இருக்கின்றன. தாலிக் ஆக்சைடு தண்ணீரில் கரையாது. அது மட்டுமே படலமாக இருந்திருந்தால் தாலியத்தின் கதை ஈயத்தின் கதையைப் போல முடிந்திருக்கும்.

சிக்கல் தாலஸ் ஆக்சைடில் இருக்கிறது. அது தண்ணீரோடு சேர்ந்ததும் தாலஸ் ஹைட்ராக்சைடாக மாறுகிறது. இது மஞ்சள் நிறப் படிகம். சோடியம் ஹைட்ராக்சைடைப் போல வலுவான காரம். அறை வெப்பநிலையில் 100 மில்லிலிட்டர் தண்ணீரில் 30 கிராமுக்கு மேல் கரையக்கூடியது. அந்தக் கரைசலை வற்றவைத்து, கிடைக்கும் மஞ்சள் படிகத்தை 100 டிகிரிக்குச் சூடேற்றினால் நீர் நீங்கிக் கருப்பு ஆக்சைடு மீண்டும் வரும். ஹைட்ராக்சைடு காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொண்டு தாலஸ் கார்பனேட்டாகவும் மாறும். கார்பனேட் ஆனபின்னாவது கரையாமல் போகுமா என்றால் அதுவும் இல்லை. 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம் கரையும். ஈயத்தின் கார்பனேட்டை ஒப்பிட்டால் இது மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

அதாவது, ஈரக்காற்றில் இருக்கும் தாலியத்தின் மேல் படலம் உருவாகிறது, அந்தப் படலம் ஈரத்தில் கரைந்து விலகுகிறது, புதிய உலோகம் வெளியே தெரிகிறது, அதன் மேல் மறுபடியும் படலம். காவலுக்கு நிற்க வேண்டியதே கதவைத் திறந்துவிடுகிறது.

இதில் ஆக்சிஜனின் பங்கைக் கவனிக்க வேண்டும். காற்று நீக்கிய தூய தண்ணீருக்குள் தாலியத்தைப் போட்டு வைத்தால் ஒன்றும் ஆகாது. சோடியத்தைப் போலத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனை விரட்டியடிக்கும் வேகம் அதற்குக் கிடையாது. தண்ணீரில் ஆக்சிஜன் கரைந்திருந்தால்தான் வினை நடக்கும்: நான்கு தாலியம் அணுக்கள், ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு, இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்து நான்கு தாலஸ் ஹைட்ராக்சைடு. கொதிக்கவைத்துக் காற்று நீக்கிய தண்ணீருக்கு அடியில் தாலியத்தைச் சேமித்து வைக்கும் வழக்கம் இருந்ததற்கு இதுவே காரணம். முதன்முறை கேட்பவருக்கு இது விசித்திரமாகப் படும். தண்ணீர் பட்டால் கரைகிற படலத்தைக் கொண்ட உலோகத்தைத் தண்ணீருக்குள்ளேயே வைப்பதா? ஆக்சிஜன் இல்லையென்றால் படலமே இல்லை. படலம் இல்லையென்றால் கரைவதற்கும் ஒன்றுமில்லை.

ஒரே உலோகம் வேறு சூழலில் வேறுவிதமாக நடந்துகொள்வதையும் பார்த்துவிடலாம். நைட்ரிக் அமிலத்தில் தாலியம் விரைவாகக் கரைகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மட்டும் தயங்குகிறது. காரணம், அங்கே உருவாகும் தாலஸ் குளோரைடு 100 மில்லிலிட்டருக்கு 0.3 கிராம் அளவே கரையும். உலோகத்தின் மேலேயே வெள்ளைப் படலமாகத் தங்கி அமிலத்தைத் தடுக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் கரையாத கருப்புச் சல்பைடு உருவாகிறது. வெள்ளைப் படலம், கருப்புப் படலம், மஞ்சள் படிகம் என்று பார்வைக்கு எத்தனை மாற்றம் இருந்தாலும் கணக்கில் வருவது கரைதிறன்தான். கருப்பாக இருப்பது தாலஸ் ஆக்சைடாகவும் இருக்கலாம், சல்பைடாகவும் இருக்கலாம். முன்னது தண்ணீரில் இறங்கிவிடும், பின்னது இறங்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

ஈயத்தைப் போன்ற தோற்றம், சோடியம், பொட்டாசியத்தைப் போன்ற ஹைட்ராக்சைடு, வெள்ளியைப் போலக் கரைய மறுக்கும் குளோரைடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு வேதியியலாளர் ழான் பாப்டிஸ்ட் துமா இந்தக் குழப்பத்தைப் பார்த்துத் தாலியத்தை உலோகங்களுக்குள் ஒரு பிளாட்டிபஸ் என்றார். வாத்தின் அலகும் நீர்நாயின் உடலும் கொண்டு முட்டையிடும் பாலூட்டியை எந்த வகையில் சேர்ப்பது என்று விலங்கியலாளர்கள் திணறியதைப் போல, வேதியியலாளர்களும் இதை எந்தக் குடும்பத்தில் வைப்பது என்று திணறினார்கள்.

கரைந்தபின் உடலில்

தாலஸ் அயனிக்கும் பொட்டாசியம் அயனிக்கும் மின்சுமை ஒன்றே. அளவும் ஏறக்குறைய ஒன்று: பொட்டாசியத்தின் அயனி ஆரம் 138 பிக்கோமீட்டர், தாலியத்தினுடையது 150. நம் செல்கள் ஒவ்வொன்றும் ஓயாமல் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கின்றன. நரம்புகள் செய்தி அனுப்புவதும் இதயம் துடிப்பதும் அந்தப் போக்குவரத்தை நம்பியே நடக்கின்றன. செல்லின் வாயிலில் இருக்கும் புரதத்துக்கு வருவது பொட்டாசியமா தாலியமா என்று பிரித்தறியத் தெரியாது. உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே போனபின் தாலியம் பொட்டாசியத்தின் வேலையைச் செய்வதில்லை. நொதிகளில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு வேலையைக் கெடுக்கிறது. புரதங்களில் உள்ள கந்தகத் தொகுதிகளோடும் பிணைகிறது.

தாலஸ் உப்புகளுக்கு நிறமில்லை, மணமில்லை, சொல்லும்படியான சுவையும் இல்லை. உடலுக்குள் போனால் முதலில் வயிற்றுக் கோளாறு. சில நாட்களில் பாதங்களில் தொடங்கும் கடும் நரம்பு வலி. இரண்டு மூன்று வாரங்களில் முடி கொத்துக்கொத்தாக உதிர்வது. பின்னர் நகங்களில் குறுக்கே வெள்ளைக் கோடுகள். பெரியவர் ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 10 முதல் 15 மில்லிகிராம் வரை உயிரைப் பறிக்கும் அளவாகக் கருதப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குழந்தைகளின் தலையில் வரும் படர்தாமரைக்கு, முடியை உதிர்ப்பதற்காகவே தாலியம் அசிடேட்டைக் கொடுத்து வைத்தியம் பார்த்தார்கள் என்பது இன்று படிக்கவே திகிலாக இருக்கிறது. தாலியம் சல்பேட் எலி மருந்தாகவும் பல நாடுகளில் விற்கப்பட்டது. அமெரிக்காவில் 1965இல் வீட்டு உபயோகத்துக்கும் 1972இல் வணிக உபயோகத்துக்கும் அது தடை செய்யப்பட்டது.

இந்த நஞ்சுக்கு முறிவாக வந்தது ஒரு ஓவியச் சாயம். பிரஷ்யன் நீலத்தின் படிக அமைப்பில் அயனிகள் நுழையக்கூடிய கூடுகள் உண்டு. அது குடலுக்குள் தாலியத்தைப் பிடித்துத் தன் கூட்டுக்குள் அடைத்து மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. தாலியம் பித்தநீர் வழியாகக் குடலுக்கு வந்து மறுபடியும் உடலுக்குள் உறிஞ்சப்படும் வழக்கமுடையது என்பதால், அந்தச் சுழற்சியை வெட்டுவதே இதன் வேலை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2003இல் இதற்கு ஒப்புதல் கொடுத்தது. பொட்டாசியம்போல் ஏமாற்றும் இதே குணத்தை மருத்துவம் நன்மைக்கும் பயன்படுத்தியிருக்கிறது. தாலியம் 201 என்ற கதிரியக்க ஐசோடோப்பை மிகச் சிறிய அளவில் ஊசியாகச் செலுத்தினால், ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும் இதயத் தசைகள் பொட்டாசியம் என்று நம்பி அதை எடுத்துக்கொள்ளும். ஓட்டம் குறைந்த பகுதி படத்தில் மங்கலாகத் தெரியும். அதன் அரை ஆயுள் சுமார் 73 மணி நேரம்.

மீண்டும் மேற்பரப்புக்கு வருவோம். படலம் என்றால் எவ்வளவு நஞ்சு? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கொண்ட தாலியக் கனசதுரம். ஆறு முகங்கள், மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனுக்குத் தாலஸ் ஆக்சைடு படிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஆக்சைடின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 9.5 கிராம். பெருக்கினால் படலத்தின் எடை 5.7 மில்லிகிராம், அதில் தாலியம் மட்டும் ஏறத்தாழ 5.5 மில்லிகிராம். உயிரைப் பறிக்கும் அளவைவிட இது மிகக் குறைவுதான். ஆனால் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடிநீரில் அனுமதிக்கும் உச்சவரம்பு லிட்டருக்கு 0.002 மில்லிகிராம். அந்த 5.5 மில்லிகிராம், ஏறக்குறைய 2,700 லிட்டர் தண்ணீரை அந்த வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு விரல்நுனி அளவுக் கட்டியின் மேல் படிந்த, துடைத்தால் போய்விடும் கருமை அது. துடைத்த துணியையும், துடைத்த விரலையும், அடுத்து வரப்போகும் புதிய படலத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஈரமான தோல் வழியாகவும் தாலியம் உடலுக்குள் போகும், வியர்வையே போதும்.

கண்ணை நம்பாதவர்கள் கண்டுபிடித்த தனிமம்

தோற்றத்தால் ஏமாற்றும் இந்தத் தனிமம் தோற்றத்தால் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1861 மார்ச்சில் லண்டனில் வில்லியம் க்ரூக்ஸ், கந்தக அமிலத் தொழிற்சாலை ஒன்றின் கழிவைச் சுடரில் காட்டி, ஒளியைத் தனித்தனி நிறக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி வழியாகப் பார்த்தார். அவர் தேடியது டெல்லூரியம். கிடைத்தது யாரும் அதுவரை கண்டிராத ஒரு பளிச்சிடும் பச்சைக் கோடு. கிரேக்க மொழியில் பசுந்தளிரைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்குத் தாலியம் என்று பெயர் வைத்தார். உலோகம் கையில் கிடைக்கும் முன்பே பெயர் வந்துவிட்டது.

பிரான்ஸின் லீல் நகரில் க்ளோத் ஒகுஸ்த் லாமி அதே பச்சைக் கோட்டைத் தனியே கண்டு, 1862இல் மின்னாற்பகுப்பால் உலோகத்தைப் பிரித்துச் சிறு கட்டியாக வார்த்தார். அந்த ஆண்டு லண்டனில் நடந்த சர்வதேசக் கண்காட்சிக்குக் க்ரூக்ஸ் கொண்டுவந்தது பொடி. லாமி கொண்டுவந்தது கட்டி. க்ரூக்ஸின் பொடி உலோகமே இல்லை, சல்பைடு என்று லாமி தரப்பில் வாதம் எழுந்தது. கருப்புப் பொடி ஒன்றைப் பார்த்து அது உலோகத் தூளா, ஆக்சைடா, சல்பைடா என்று கண்ணால் தீர்ப்பு சொல்ல முடியாது என்பதால் அந்தச் சச்சரவு எளிதில் ஓயவில்லை. கடைசியில் இருவருக்கும் பதக்கம் கிடைத்தது. என் தனிப்பட்ட தீர்ப்பு: தனிமம் க்ரூக்ஸுக்கு, உலோகம் லாமிக்கு.

தாலியம் சேர்மங்கள் நஞ்சு என்பதை விலங்குகளில் சோதித்து 1863இல் முதலில் எச்சரித்தவரும் லாமிதான்.

இன்றும் நிலைமை மாறவில்லை. மங்கிய சாம்பல் நிறக் கட்டி ஒன்றைக் காட்டி இது ஈயமா தாலியமா என்று கேட்டால், அனுபவமுள்ள வேதியியலாளரும் பார்த்துச் சொல்ல மாட்டார். சுரண்டிப் பார்த்தால் இரண்டும் மின்னும், இரண்டும் மறுபடி மங்கும். தாலியம் விரைவாக மங்கும் என்பது உண்மைதான், ஆனால் காற்றின் ஈரமும் வெப்பமும் மாறினால் அந்த வேகமும் மாறும். அதை நம்பி முடிவெடுக்க முடியாது. சுரண்டுவதே நச்சுப் பொடியை உண்டாக்கும் வேலை. சுடரில் காட்டிப் பச்சை நிறம் வருகிறதா என்று பார்ப்பது இன்னும் மோசம், நஞ்சு புகையாகக் கிளம்பும். போதாக்குறைக்குச் செம்பும் பேரியமும்கூடச் சுடரைப் பச்சையாக்கும். க்ரூக்ஸுக்கு உதவியது வெறும் பச்சை அல்ல, 535 நானோமீட்டரில் தனித்து நின்ற ஒரு கோடு. ஆய்வகங்கள் இப்போது எக்ஸ்கதிர் ஒளிர்வு முறையில் கட்டியைத் தொடாமலே எந்தத் தனிமம் என்று சொல்லிவிடுகின்றன. தண்ணீரிலும் சிறுநீரிலும் உள்ள நுண்ணிய அளவுகளுக்கு நிறை நிறமாலைமானி இருக்கிறது.

அருங்காட்சியகங்களிலும் தனிமங்களைச் சேகரிப்பவர்களிடமும் இருக்கும் தாலியம் பெரும்பாலும் ஆர்கான் வாயு நிரப்பி உருக்கி மூடிய கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கும். சில மாதிரிகளை எண்ணெய்க்கு அடியில் வைப்பார்கள். இரண்டிலும் நோக்கம் ஒன்றே: ஆக்சிஜனும் ஈரமும் அண்டக் கூடாது. நன்றாக மூடிய குப்பிக்குள் தாலியம் பல ஆண்டுகள் வெண்மை மாறாமல் இருக்கும். மூடும்போது கொஞ்சம் காற்று தங்கிவிட்டால் உலோகத்தின் மேல் இலேசான சாம்பல் பூக்கும். இருந்த ஆக்சிஜன் தீர்ந்ததும் அது மேலே வளராமல் நின்றுவிடும். அப்படிப்பட்ட குப்பியால் ஆபத்தில்லை.

கவலைப்பட வேண்டியது, மங்கல் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் குப்பியைப் பற்றி. எங்கோ மயிரிழை விரிசல் வழியாகக் காற்று நுழைகிறது என்று அர்த்தம். கண்ணாடியின் உட்புறத்தில் மஞ்சளோ வெள்ளையோ பூத்திருந்தால் ஈரமும் கூடவே போயிருக்கிறது. அந்தக் குப்பியைத் திறந்து உலோகத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கி வேறு குப்பிக்கு மாற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கையுறையோடு எடுத்து, விரிசல் மேலும் பெருகாதபடி இறுக மூடும் பிளாஸ்டிக் கலனுக்குள் அப்படியே வைத்து, தாலியம் என்று தெளிவாக எழுதி ஒட்டி, அபாயகரமான கழிவுகளைக் கையாளும் அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். கையுறையைக் கழற்றியதும் அதையும் அதே கலனோடு சேர்த்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.